தொண்ணூற்றிரண்டின் மற்ற பிள்ளைகள்

1992ஆம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்தில் எஃப்.ஏ. இளையோர் கோப்பைக்கான இறுதிப் போட்டி நடந்தது. கால்பந்துக் கிளப்புகள் பழகுநர்களாக எடுத்து வைத்திருக்கும் பதினாறு, பதினேழு, பதினெட்டு வயசுப் பையன்களுக்கான கோப்பை அது. அப்போதெல்லாம் இறுதி இரண்டு ஆட்டமாக நடக்கும்; இவர்கள் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று. இரண்டிலும் போட்ட கோல்களைக் கூட்டிப் பார்த்து வெற்றி சொல்வார்கள். ஏப்ரல் 14இல் லண்டனில் கிறிஸ்டல் பேலஸ் அணியை மான்செஸ்டர் யுனைடெட் 3-1 என்று வென்றது. மே 15இல் மான்செஸ்டரில் 3-2. மொத்தம் 6-3. ஜார்ஜ் பெஸ்ட் ஆடிய 1964ஆம் வருஷத்து அணிக்குப் பிறகு, 28 வருஷம் கழித்து அந்தக் கிளப்புக்கு இந்தக் கோப்பை கிடைத்தது.

அந்த அணிக்குப் பிற்பாடு ஒரு பட்டப்பெயர் வந்து சேர்ந்தது: தொண்ணூற்றிரண்டின் வகுப்பு. 2013இல் அதே பெயரில் ஓர் ஆவணப்படமும் வந்தது. படத்தில் ஆறு பேர். டேவிட் பெக்காம், ரயன் கிக்ஸ், நிக்கி பட், கேரி நெவில், அவர் தம்பி பில் நெவில், பால் ஸ்கோல்ஸ். 1999இல் ஒரே பருவத்தில் இங்கிலாந்து லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் வென்ற அணியின் தூண்கள் இவர்கள். கிக்ஸ் அந்தக் கிளப்புக்காக 963 ஆட்டம் ஆடினார். ஸ்கோல்ஸ் 718. கேரி நெவில் 602. இதெல்லாம் கால்பந்து பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

மாணவர்கள் சிலரோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். படம் முடிந்ததும் ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, ஒரு டீமுக்குப் பதினோரு பேரு வேணும்ல? இந்த ஆறு பேரு சரி. மீதி அஞ்சு பேரு யாரு?" நல்ல கேள்வி. தேடிப் போனால் கணக்கு அவன் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. இந்த ஆறில் இருவர் அந்த இறுதியில் ஆடவே இல்லை. ஸ்கோல்ஸ் அதே செட்டுப் பழகுநர்தான், ஆனால் இறுதி ஆட்டங்களில் அவருக்கு இடமில்லை. பில் நெவிலுக்கு அப்போது வயசு பதினைந்து. அவர் வென்றது 1995ஆம் வருஷத்துக் கோப்பையை. ஆடாத இருவர் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். ஆடி வென்ற பலர் வகுப்பிலேயே இல்லை.

மே 15ஆம் தேதி இரவு ஓல்ட் டிராஃபோர்டில் இறங்கிய பதினொருவரைச் சொல்கிறேன். கோல் காத்தவர் கெவின் பில்கிங்டன். பின்களத்தில் ஜான் ஓகேன், கிறிஸ் காஸ்பர், கேரி நெவில், ஜார்ஜ் ஸ்விட்சர். நடுக்களத்தில் பெக்காம், பட், சைமன் டேவிஸ், பென் தார்ன்லி. முன்களத்தில் கொலின் மக்கீ, கிக்ஸ். கீத் கில்லெஸ்பியும் ராபி சாவேஜும் அதே கூட்டத்துப் பிள்ளைகள். அன்றைக்கு யுனைடெட் போட்ட மூன்று கோல்களையும் போட்டவர்கள் தார்ன்லி, டேவிஸ், மக்கீ. மூவரும் படத்தின் அந்த ஆறு பேரில் இல்லை.

வரலாறு ஜெயித்தவன் பக்கம் எழுதப்படுகிறது என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். இங்கே ஜெயித்தவர்களுக்குள்ளேயே ஒரு சலிப்பு நடந்திருக்கிறது. அந்தச் சல்லடையின் கண் எப்படிப் பின்னப்பட்டது என்பதுதான் எனக்கு வேண்டிய விஷயம். 'தகுதி, திறமை இருந்தவன் நின்னான், இல்லாதவன் போனான்' என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. அந்த இரண்டு சொற்களை யார் வாயிலிருந்து, எந்தச் சமயத்தில் கேட்டிருக்கிறோம் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே கதையைக் கூலியிலிருந்து தொடங்குகிறேன்.

இந்தப் பையன்கள் என்ன சம்பளத்துக்கு வந்தார்கள்? வாரம் 29 பவுண்டு 50 பென்ஸ். இரண்டாம் வருஷம் 35 பவுண்டு. இந்தத் தொகையைக் கிளப் தீர்மானிக்கவில்லை, அரசாங்கம் தீர்மானித்தது. 1983இல் தாட்சர் அரசு, பள்ளிக்கூடம் விட்டு வேலையில்லாமல் தெருவில் நிற்கும் பதினாறு வயசுப் பிள்ளைகளுக்காக இளையோர் பயிற்சித் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆலைகள் மூடப்பட்டு வடக்கு இங்கிலாந்து முழுக்க வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடிய காலம். கடையில், பட்டறையில், அலுவலகத்தில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் உதவித்தொகையை அரசு பார்த்துக்கொள்ளும். கால்பந்துக் கிளப்புகளும் உள்ளே வந்தன. திட்டத்தின் பெயர் பின்னால் மாறியது, ஆனாலும் ஆட்டக்காரர்கள் வாயில் அது ஒய்.டி.எஸ். தான். 1991 ஜூலையில் பெக்காம் கையெழுத்துப் போட்டது இந்தத் திட்டத்தில். உலகத்தின் பெரும் பணக்கார ஆட்டக்காரர்களில் ஒருவர், வேலையில்லாதோர் திட்டத்தின் பயனாளியாக ஆரம்பித்தவர். அவர் அப்பா சமையலறைகளைப் பொருத்திக் கொடுக்கும் வேலை செய்தவர், அம்மா முடிதிருத்தும் தொழிலாளி. ஸ்கோல்ஸ் வளர்ந்தது மிடில்டனில் நகராட்சி கட்டிக்கொடுத்த குடியிருப்பில். பட் கார்ட்டன் பகுதிப் பையன். இவர்களெல்லாம் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் என்பதை அந்தப் படமும் பெருமையாகச் சொல்கிறது. கூலிக் கணக்கு அதில் அடிபட்டுப்போகிறது.

வேலை என்றால் பந்து உதைப்பது மட்டுமல்ல. ஸால்ஃபோர்டில் 'தி கிளிஃப்' என்ற பயிற்சி மைதானம். பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைக்க வேண்டும். உடைமாற்றும் அறையைக் கழுவ வேண்டும். பந்துகளைக் காற்றடித்து அடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கல்லூரி. பயிற்சியாளர் எரிக் ஹாரிசன், கண்டிப்பான ஆள். இவர் கையில் உருவானவர்கள்தான் அத்தனை பேரும். 2019இல் அவர் இறந்தபோது அந்த ஆறு பேரும் நன்றியோடு பேசினார்கள். அது நியாயமான நன்றி.

ஆனால் அந்த இடத்தில் இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் வருஷப் பையன்கள் முதல் வருஷப் பையன்களைப் 'பழக்குவார்கள்'. துண்டுக்குள் பந்தைச் சுற்றித் தலையில் அடிப்பது. தரை துடைக்கும் கட்டையைப் பெண்ணாக நினைத்துக் கொஞ்சச் சொல்வது. மறுத்தால் மறுபடி அடி. நம்மூர் விடுதிகளில் 'ராகிங்' என்பார்களே, அதே. இதையெல்லாம் அவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள், சிரித்துக்கொண்டே. கேரி நெவில் போன்றவர்கள் சிரிக்கலாம். அவர்களுக்கு அந்த அறையைத் தாண்டி ஒரு வாழ்க்கை கிடைத்தது. கிடைக்காத பையன் அதை எப்படி நினைத்துப் பார்ப்பான் என்று படத்தில் யாரும் கேட்கவில்லை.

ஸ்விட்சர் ஸால்ஃபோர்டுக்காரர், உள்ளூர்ப் பிள்ளை. இடது பின்களம். கோப்பை வென்ற அடுத்த வருஷமே, 1993இல், கிளப் அவரை விட்டுவிட்டது. முதல் அணியில் ஒரு ஆட்டம்கூட இல்லை. டார்லிங்டன் என்கிற சின்ன கிளப்புக்குப் போனார், ஒரு பருவம். அப்புறம் லீக்குக்கு வெளியே, வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடுகிற ஆட்டம். மக்கீக்கு 1994 மே 8இல் ஒரே ஒரு ஆட்டம் கிடைத்தது. லீக் பட்டம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதால் பெரியவர்களுக்கு ஓய்வு கொடுத்த நாள். கவென்ட்ரியோடு கோலில்லாத சமநிலை. அந்தக் கோடையிலேயே ஸ்காட்லாந்தின் கில்மார்னக் அணிக்கு விற்றுவிட்டார்கள். யுனைடெட் கணக்கில் கிக்ஸ் 963, மக்கீ 1.

இப்போது அந்த ஆறு பேருக்கு இடம் எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். திறமை இருந்தது, மறுக்கவில்லை. ஸ்கோல்ஸ் பந்து தருவதைப் பார்த்தவன் யாரும் மறுக்க மாட்டான். ஆனால் திறமைக்கு நாற்காலி காலியாக வேண்டும். 1995 கோடையில் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் மூன்று பெரிய ஆட்டக்காரர்களை அனுப்பினார். பால் இன்ஸ் இத்தாலியின் இன்டர் மிலனுக்கு. மார்க் ஹியூஸ் செல்ஸிக்கு. ஆந்த்ரே கன்செல்ஸ்கிஸ் எவர்ட்டனுக்கு. இன்ஸ் இடத்தில் பட் வந்தார், வலது ஓரத்தில் பெக்காம், முன்னால் ஸ்கோல்ஸ். ஆகஸ்ட் 19இல் முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 1-3 என்று தோற்றார்கள். பையன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்று அன்றிரவு தொலைக்காட்சியில் ஆலன் ஹேன்சன் சொன்னார். அந்தப் பருவத்தில் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் இந்தப் பையன்களுக்கே. ஹேன்சனின் அந்தச் சொல்லை இன்றுவரை கிண்டலுக்கு இழுக்கிறார்கள். அன்றைக்கு மாற்று ஆளாக இறங்கியவர்களில் ஜான் ஓகேனும் ஒருவர் என்பது கிண்டல் செய்கிறவர்களில் பலருக்கு ஞாபகம் இருக்காது.

விதியும் ஒரு காரணம். தலைவிதி இல்லை, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் விதி. 1990களின் முற்பகுதியில் ஐரோப்பியப் போட்டிகளில் ஓர் அணி மூன்று வெளிநாட்டவரையும், சிறுவயது முதல் அந்த நாட்டிலேயே ஆடிப் பழகிய இன்னும் இருவரையும் மட்டும் இறக்கலாம். இங்கிலாந்துக் கிளப்புக்கு ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆட்டக்காரர்களும் வெளிநாட்டவர் கணக்கில்தான். 1994 நவம்பரில் பார்சிலோனாவிடம் 0-4 என்று யுனைடெட் உதை வாங்கியது. இந்த விதிக்காக டென்மார்க்கின் பீட்டர் ஷ்மைக்கேலை உட்கார வைத்துவிட்டுத்தான் ஆடினார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் இங்கிலாந்தில் பிறந்து அங்கேயே வளர்ந்த பையனுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. டிசம்பர் 7இல் துருக்கியின் கலாடாசரே அணியோடு ஆட்டம். இளைஞர்களை இறக்கினார்கள். 4-0. இரண்டாவது நிமிஷத்தில் முதல் கோல் போட்டவர் சைமன் டேவிஸ். அப்புறம் ஒரு கோல் பெக்காம். இரண்டு பேருக்கும் முதல் அணியில் அதுவே முதல் கோல்.

ஒரே இரவு, ஒரே மைதானம், ஒரே வயசுப் பிள்ளைகள் இரண்டு பேர். பெக்காம் இங்கிலாந்துக்குத் தலைவரானார். டேவிஸ் 1997இல் லூட்டனுக்கு விற்கப்பட்டு, கீழ் லீக்குகளில் பல வருஷம் ஆடினார். வேல்ஸ் நாட்டுக்காக ஒரே ஒரு ஆட்டம். டேவிஸ் ஆடியது நடுக்களத்தில் இடப்பக்கம். அங்கே முன்னால் நின்றவர் கிக்ஸ். பில்கிங்டனின் கதையும் இதேதான். அவர் முன்னால் ஷ்மைக்கேல், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர். 1995 செப்டம்பரில் லீக் கோப்பை ஆட்டத்தில் பில்கிங்டன் நின்றபோது மூன்றாம் அடுக்கு யார்க் சிட்டி வந்து 3-0 என்று அடித்துவிட்டுப் போனது. எட்டே ஆட்டத்தோடு அவருடைய யுனைடெட் காலம் முடிந்தது. ஆனாலும் மனிதர் சோர்ந்துவிடவில்லை. போர்ட் வேல், மான்ஸ்ஃபீல்டு, நாட்ஸ் கவுன்டி என்று நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடி, கோல்கீப்பர் வேலையைச் சோறுபோடும் தொழிலாகவே நடத்தினார். இப்படி ஒரு வாழ்க்கையைத் தோல்வி என்று எழுதுகிறவர்களை எனக்குப் புரியவில்லை.

இனி உடம்பின் கதை. தார்ன்லியைப் பற்றிக் கூட ஆடியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: அந்த செட்டிலேயே கெட்டிக்காரர்களில் ஒருத்தன் அவன். 1994 பிப்ரவரியில் முதல் அணியில் இறக்கினார்கள். ஏப்ரல் 6ஆம் தேதி பரியின் கிக் லேன் மைதானத்தில், பிளாக்பர்ன் கிளப்போடு இரண்டாம் அணி ஆட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய அணிக்கு எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி இருந்தது, அதில் தார்ன்லிக்கும் இடம் கிடைக்கலாம் என்ற நிலை. எதிரணி ஆள் ஒருவர் காலில் பாய்ந்தார். முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. தார்ன்லிக்கு வயசு 18. வழக்குப் போட்டார், நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. திரும்பி வந்து ஆடினார். ஆனால் அந்த வேகம் திரும்பவில்லை. யுனைடெட்டில் மொத்தம் 14 ஆட்டம். 1998இல் ஹடர்ஸ்ஃபீல்டு, பிறகு அபர்டீன், பிறகு இன்னும் கீழே. 2018இல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார்.

காஸ்பரின் அப்பா ஃப்ராங்க் காஸ்பர், பர்ன்லி அணியின் பழைய ஆட்டக்காரர். மகன் யுனைடெட்டில் ஏழு ஆட்டம் ஆடிவிட்டு 1998இல் ரெடிங்குக்குப் போனார். 1999ஆம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கார்டிஃப் அணியோடு ஆடும்போது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. வயசு 24. ஆட்டம் அன்றோடு முடிந்தது. பிறகு 2005இல் பரி கிளப்பின் மேலாளரானார். லீக்கிலேயே இளைய மேலாளர். ஒரு தச்சனுக்கு விரல் போனால், ஒரு கட்டடத் தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்தால், நாம் அதைத் தொழில் விபத்து என்கிறோம், நிவாரணம் கேட்கிறோம். மைதானத்தில் கால் முறிந்தால் மட்டும் 'துரதிர்ஷ்டம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதுவும் தொழிற்கூடம், அவனும் தொழிலாளி. அவனிடம் இருக்கிற ஒரே முதல் அந்த முழங்கால்.

கில்லெஸ்பியை 1995 ஜனவரியில், ஆண்டி கோலை வாங்குவதற்கான பேரத்தில், ஆறு மில்லியன் பவுண்டு ரொக்கத்தோடு சேர்த்து ஒரு மில்லியன் மதிப்புப் போட்டு நியூகாசிலுக்குக் கொடுத்தார்கள். மனுஷனைக் காசாக எண்ணிக் கொடுக்கும் பரிவர்த்தனை. வட அயர்லாந்துக்காக 86 ஆட்டம் ஆடிய பெரிய ஆட்டக்காரர் அவர். பதின்வயதிலேயே சூதாட்டம் பிடித்துக்கொண்டது, 2010இல் திவாலானார். அதை அவரே ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். சாவேஜை 1994இல் வேண்டாம் என்று அனுப்பினார்கள். க்ரூ என்ற சின்ன ஊர்க் கிளப்பில் சேர்ந்து, முன்கள ஆட்டக்காரன் என்பதை விட்டு நடுக்கள முரடனாக மாறி, லெஸ்டர், பர்மிங்ஹாம், பிளாக்பர்ன் என்று ஏறி, வேல்ஸுக்காக 39 ஆட்டம். கழித்துவிட்ட கணக்கு தப்பும் என்பதற்கு அவரே சாட்சி.

கிக்ஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஆறு பேரில் ஒருவர் என்றாலும். சிறுவயதில் அவர் பெயர் ரயன் வில்சன். அப்பா டேனி வில்சன், ரக்பி ஆட்டக்காரர், கறுப்பினத்தவர். வேல்ஸிலிருந்து ஸ்விண்டன் பகுதிக்குக் குடிவந்த அந்தக் குடும்பத்துப் பையனை, அப்பாவின் நிறத்தைச் சொல்லிப் பள்ளியில் ஏசினார்கள். பையனின் நிறத்தைப் பார்த்தால் தெரியாது. அப்பாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறப்பைக் கண்டுபிடித்துத் திட்டும் அந்த முறை நமக்குப் புதுசில்லை. பின்னாளில் அம்மாவின் குடும்பப் பெயரான கிக்ஸை அவர் எடுத்துக்கொண்டார். இதைப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். தொண்ணூற்றிரண்டின் வகுப்பைக் கொண்டாடும் எழுத்துகளில் எத்தனை இதை நின்று பேசியிருக்கின்றன?

மேலாளரும் காலி இடமும் எவ்வளவு தீர்மானிக்கின்றன என்பதற்குப் பக்கத்து ஊரிலேயே அத்தாட்சி உண்டு. மறுவருஷம், 1993 மே மாதத்தில், இதே யுனைடெட் பையன்கள் மறுபடி இறுதிக்கு வந்தார்கள். இந்தத் தடவை ஸ்கோல்ஸும் ஆடினார். எதிரணி லீட்ஸ். ஓல்ட் டிராஃபோர்டில் 30,562 பேர் பார்க்க லீட்ஸ் 2-0 என்று வென்றது. மூன்று நாள் கழித்து லீட்ஸில் 31,037 பேர் பார்க்க 2-1. பெக்காம், பட், ஸ்கோல்ஸ், நெவில் எல்லோரையும் இரண்டு ஊரிலும் வைத்துத் தோற்கடித்தவர்கள் யார்? ஜேமி ஃபாரெஸ்டர், நோயல் வீலன், மார்க் ஃபோர்டு, மார்க் டிங்க்லர், கெவின் ஷார்ப், ராப் போமன், மாத்யூ ஸ்மித்தார்டு. வீலனைத் தவிர இந்தப் பெயர்களில் ஒன்றையாவது கேள்விப்பட்டிருந்தால் நீங்கள் லீட்ஸ்காரர். இவர்களில் ஒருவர்கூட இங்கிலாந்து முதல் அணிக்கு ஆடவில்லை. லீட்ஸின் மேலாளர் ஹோவர்டு வில்கின்சன் 1995இல் யெபோவா, ப்ரோலின் என்று வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்கினார். அதே வருஷக் கடைசியில் வீலன் இரண்டு மில்லியனுக்குக் கவென்ட்ரிக்குப் போனார். ஷார்ப் விகனுக்கு, டிங்க்லர் யார்க்குக்கு, அந்த அணியின் தலைவர் ஃபோர்டு பர்ன்லிக்கு. ஆளுக்கொரு திசை.

நாலே வருஷத்தில், 1997இல், லீட்ஸ் மறுபடி இளையோர் கோப்பையை வென்றது. அதே பயிற்சியாளர் பால் ஹார்ட். ஹாரி கியூவெல், ஜொனாதன் உட்கேட், பால் ராபின்சன், ஸ்டீபன் மக்ஃபெயில் அந்த அணியில் இருந்தார்கள். 1998இல் டேவிட் ஓலியரி மேலாளராக வந்து இவர்களை இறக்கினார். ஐரோப்பா முழுக்க ஆடினார்கள். வளர்த்த கை ஒன்றுதான். 93இல் வென்ற பிள்ளைகளுக்குக் கதவு திறக்கவில்லை, 97இல் வென்றவர்களுக்குத் திறந்தது.

இந்தக் கோப்பை தொடங்கியது 1952-53 பருவத்தில். முதல் ஐந்து வருஷமும் யுனைடெட்தான் வென்றது. 1953 மே மாதத்தில் முதல் இறுதியில் வுல்வ்ஸ் அணியை 7-1, 2-2 என்று சாய்த்த பதினொருவரில் டங்கன் எட்வர்ட்ஸ், எடி கோல்மன், டேவிட் பெக், லியம் வீலன் இருந்தார்கள். 1958 பிப்ரவரி 6இல் மியூனிக் விமான நிலையத்தில், பனிச்சேறு படிந்த ஓடுபாதையில் விமானம் எழும்ப முடியாமல் மோதியது. இறந்தவர்கள் மொத்தம் 23. அந்த முதல் கோப்பை அணியில் மட்டும் நாலு பேர். கோல்மனுக்கு 21, பெக்குக்கும் வீலனுக்கும் 22. எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் போராடி 21ஆம் தேதி இறந்தார், வயசு 21. அதே அணியின் ரோனி கோப், அந்த வருஷம் மே மாதத்தில், செத்தவர்கள் ஆடியிருக்க வேண்டிய எஃப்.ஏ. கோப்பை இறுதியில் நின்று ஆடினார்.

அதே முதல் அணியின் ஆல்பர்ட் ஸ்கான்லன் மண்டை உடைந்து உயிர் பிழைத்தார். அவர் ஆடிய காலத்தில் இங்கிலாந்தில் ஆட்டக்காரனின் வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. எத்தனை ஆயிரம் பேர் காசு கொடுத்துப் பார்த்தாலும் அதற்கு மேல் தர மாட்டார்கள். 1961இல் தொழிற்சங்கம் வேலைநிறுத்த மிரட்டல் விட்டு அதை ஒழித்தபோது அந்த வரம்பு 20 பவுண்டு. ஸ்கான்லன் நியூகாசில், லிங்கன், மான்ஸ்ஃபீல்டு என்று ஆடி முடித்து ஸால்ஃபோர்டு கப்பல்துறையில் கூலி வேலை பார்த்தார். மியூனிக்கில் பிழைத்தவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் நிதி திரட்ட ஓல்ட் டிராஃபோர்டில் ஓர் ஆட்டம் நடந்தது 1998இல். விபத்துக்கு 40 வருஷம் கழித்து. அதற்குள் அந்தக் கிளப் பங்குச் சந்தைக்குப் போய்விட்டது.

படத்தின் ஆறு பேரில் ஐவர் 2014இல் ஸால்ஃபோர்டு சிட்டி என்ற சின்னக் கிளப்பை வாங்கினார்கள், பெக்காம் 2019இல் சேர்ந்தார். காஸ்பருக்குச் சில காலம் அங்கே பொறுப்பு இருந்தது. நல்ல விஷயம்தான், கூட ஆடியவர்களை முழுக்க மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அந்த வகுப்பு என்ற பெயரைக் கட்டியவர்களும் விற்றவர்களும் பத்திரிகை, தொலைக்காட்சி, கிளப்பின் வியாபாரப் பிரிவு.

வெளிநாட்டவர் வரம்பு 1995 டிசம்பரில் போஸ்மன் வழக்கின் தீர்ப்போடு போனது. இங்கிலாந்தில் பிறந்தவன் என்பதற்கு ஐரோப்பியப் போட்டிகளில் இருந்த அந்தத் தனி மதிப்பும் அதோடு போயிற்று. பிற்பாடு வேறொரு விதி வந்து அதே பிள்ளைகளுக்கு வேறு விதமான விலை போட்டது. ஒரு கிளப் எவ்வளவு நஷ்டம் காட்டலாம் என்று 2013இல் பிரீமியர் லீக் வரம்பு வைத்தது. வெளியே வாங்கிய ஆட்டக்காரனை விற்றால், வாங்கிய விலையில் கணக்கில் மிச்சமிருப்பதைக் கழித்துத்தான் லாபம் காட்ட முடியும். கிளப்பிலேயே வளர்ந்த பிள்ளைக்கு வாங்கிய விலை கிடையாது. விற்ற பணம் அப்படியே லாபம். ஆக, கணக்கப்பிள்ளையின் கண்ணில், முதலில் விற்க வேண்டியவன் வீட்டுப் பிள்ளை. 1994இல் விதிக்காக உள்ளூர்ப் பிள்ளையை வைத்துக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் விதிக்காகவே அவனை விற்கிறார்கள்.

2022 மே 11இல் யுனைடெட் மறுபடி இளையோர் கோப்பையை வென்றது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு ஒரே ஆட்டம், 3-1. ஓல்ட் டிராஃபோர்டுக்கு வந்தவர்கள் 67,492 பேர். இந்தக் கோப்பைக்கு அதுவரை வராத கூட்டம். இரண்டு கோல் போட்ட அலெஹாந்த்ரோ கார்னாச்சோவை 2025 ஆகஸ்டில் 40 மில்லியன் பவுண்டுக்குச் செல்ஸிக்கு விற்றார்கள். ஸ்டாக்போர்ட் பையன் கோபி மைனூ 2024இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் கோல் போட்டார், அந்தக் கோடையிலேயே இங்கிலாந்துக்காக ஐரோப்பியக் கோப்பை இறுதியிலும் ஆடினார். இந்த இரண்டு பெயரும் எல்லோருக்கும் தெரியும். அன்றிரவு அவர்களோடு இறங்கிய மற்ற ஒன்பது பேர் எந்தெந்த ஊருக்கு, என்ன கூலிக்குப் போகிறார்கள் என்பதை மான்செஸ்டரில் யாராவது இப்போதே குறித்து வைத்தால் நல்லது. இன்னும் இருபது வருஷத்தில் அவர்களுக்கும் ஒரு பட்டப்பெயரும் படமும் தயாராகிவிடும்.